சாவு வீட்டுச் சாமான்

வயசான அப்பா அம்மாவைப் பற்றித் தமிழில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி இருக்கும். அதில் ஒரு பெரியவர் இருமிக்கொண்டிருப்பார். மகன் அமெரிக்காவில், இல்லாவிட்டால் பெங்களூரில். மருமகள் காபித் தம்ளரை ணங்கென்று வைப்பாள். நிலத்தைப் பிரிப்பதில் தகராறு வரும். முதியோர் இல்லத்து வாசலில் கதை முடியும். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்துக்கொண்டவள்தான். ஆனால் அந்தப் பெரியவருக்குப் பீ மூத்திரம் அள்ளியது யார், அவர் செத்ததும் ராத்திரியோடு ராத்திரியாக உறவுக்காரர்கள் ஊருக்கெல்லாம் நடந்துபோய்ச் சேதி சொன்னது யார், விறகு அடுக்கி விடியவிடியப் பக்கத்திலேயே நின்று பிணத்தை எரித்து முடித்தது யார் என்று தேடினால் கதையில் ஆள் இருக்காது. ஆள் இருந்தாலும் பேர் இருக்காது.

முதல் வேலையைச் செய்தது எங்க அம்மா. மத்த ரெண்டையும் செய்தது எங்க நைனா. அப்பாவை எங்க சேரியில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவங்க ரெண்டு பேருக்கும் வயசாகி, படுத்து, செத்துப்போனதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டு. நூல் கர்நாடகத்திலிருந்து வரும், ஜரிகை சூரத்திலிருந்து வரும். கொசப்பாளையம், சைதாப்பேட்டைத் தெருக்களில் ஒரு காலத்தில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான். பட்டுக்கு அடுத்தது அரிசி ஆலை. எங்க சேரி கமண்டல நாக நதியைத் தாண்டி, ஆரணிக்கு நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறது. ஊர்ப்பேர் இங்கே வேண்டாம். நான் பிறந்தப்போ அது வட ஆற்காடு மாவட்டம். 1989க்கு அப்புறம் திருவண்ணாமலை மாவட்டம். மாவட்டம் எதுவானாலும் ஊர் வேற, சேரி வேற.

1984இல் எனக்கு ஒன்பது வயசு. ஒரு பட்டு முதலாளியின் தறியில் கோர்வை போட விட்டார்கள். சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறிக்காரர் ஒருத்தர் மட்டும் பத்தாது. ஒரு பக்கத்துக் கரைக்கு இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ளித் தரணும். அதற்குச் சின்னக் கை வேணும், நல்ல கண் வேணும், கூலி கொறச்சலா இருக்கணும். மூணும் சேரிப் புள்ளைங்ககிட்ட இருந்தது. நைனா முன்பணம் வாங்கியிருந்தார். அதைக் கழித்து நான் தறியை விட்டு எழுந்திருக்க ஏழு வருஷம் ஆச்சு. கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தபோது இருபது வயசைத் தாண்டியிருந்தேன். அப்புறம் தனித்தேர்வராக எழுதிப் பத்தாவது தேறி, அங்கன்வாடியில் வேலைக்கு வந்தேன். நடுவில் கட்டிக்கொடுத்தார்கள். நாலு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டேன். அது வேற கதை. வீட்டுக்கு நான் ஒரே புள்ளை. எனக்கு முன்னால் பிறந்தது ரெண்டும் தங்கவில்லை.

நைனாவின் தொழிலைச் சொல்லணும். சேரியில் நாலு குடும்பத்துக்குச் சாவு முறை இருந்தது. ஊர்த்தெருவில் எழவு விழுந்தால் எந்தக் குடும்பத்து முறையோ அந்த ஆள் போகணும். சேதி சொல்லணும், மூங்கில் வெட்டிப் பாடை கட்டணும், பறை அடிக்கணும், குழி வெட்டணும், எரிக்கிறதென்றால் விடியும்வரை காடு காக்கணும். கூலி என்று ஒன்றும் பேசுவது கிடையாது. வாய்க்கரிசி, நெத்திக்காசு, கொஞ்சம் சாராயம். அப்புறம் சாவு வீட்டுச் சாமான். செத்தவர் படுத்திருந்த பாய், தலகாணி, கட்டியிருந்த துணி, மேலே போர்த்திய கோடி. வீட்டுக்காரர்களுக்கு அது தீட்டு. எங்களுக்கு அது வருமானம். கொல்லைப்பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, எட்த்துகினு போடா என்பார்கள். சின்ன வயசில் நான் கட்டிய பாவாடையில் பாதி, செத்தவங்க சேலையில் தைத்தது. ஒரே ஒரு பட்டுப் பாவாடை கட்டியிருக்கிறேன். அதுவும் ஒரு கெழவி பிணத்தின் மேல் போர்த்தியது. தறியில் உட்கார்ந்து எத்தனையோ கரைக்கு நாடா தள்ளினவளுக்குப் பட்டு வந்த வழி அது.

1991 அம்பேத்கர் நூற்றாண்டு. ஆரணிப் பக்கத்துச் சேரிகளில் அந்த வருஷம் கூட்டம் நடக்காத இடம் குறைச்சல். எங்க சேரிப் பையன்கள் ராத்திரியில் உட்கார்ந்து முடிவு எடுத்தார்கள். இனிமேல் பறை அடிக்கிறதில்லை, சேதி சொல்றதில்லை, குழி வெட்றதில்லை, செத்த மாட்டை இழுக்கிறதில்லை. பையன்கள் முடிவெடுத்தார்கள், சரி. ஆனால் முறைக்குப் போகவேண்டியவர்கள் பையன்கள் அல்ல. நாற்பது வயசான எங்க நைனாவும் மத்த மூணு பேரும். அந்த மாசமே ஊரில் ஒரு பெரிய தலை சாய்ந்தது. ஆள் வந்து கூப்பிட்டான். நைனா போகவில்லை. ரெண்டாம் தரம் கூப்பிட வந்தவன் இருபது வயசுப் பையன். டேய் என்று கூப்பிட்டான். நைனா அவன் எதிரிலேயே பறைத் தோலை அருவாளால் கிழித்தார்.

அஞ்சு மாசம் ஊர்க்கட்டுப்பாடு. சேரியாட்களுக்கு வயலில் வேலை இல்லை, ஊர்க் கடையில் சாமான் இல்லை, ஆடு மாடு வரப்பில் கால் வைக்கக்கூடாது. நைனா ஆரணிக்குப் போய் அரிசி ஆலையில் மூட்டை தூக்க ஆரம்பித்தார். வீட்டில் இருந்த எழவுத் துணிகளை எல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்தினார். "எழவு வூட்டுப் பொருளு இனிமே ஒண்ணுகூட இந்த வாசப்படி ஏறக்கூடாது." அதுதான் எங்க வீட்டுச் சட்டம்.

இந்தச் சட்டம் நைனா கண்டுபிடித்தது இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மகாராட்டிரத்து மகர்களுக்கும் இதே வேலைதான் வதன் என்ற பேரில் இருந்தது. சாவுச் சேதியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறதும் அதில் சேர்த்தி. அந்த முறையை உடைக்க அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். வதன் முறை கடைசியில் ஒழிந்தது 1958இல். அதற்கு ரெண்டு வருஷம் முன்பே அவர் போய்விட்டார். படிப்பறிவில்லாத எங்க நைனாவுக்கு 1928ஆம் வருஷத்து மசோதாவெல்லாம் தெரியாது. டேய் என்ற சத்தம் மட்டும் தெரியும்.

அம்மா அரிசி ஆலைக் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். வெயிலில் சிமெண்டுத் தரையில் நடந்து நடந்து பாதம் வெடித்துப்போனபின் ஆரணியில் ஒரு பட்டு முதலாளி வீட்டில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தாள். 2006இல் அந்த வீட்டுப் பெரியம்மா விழுந்து படுத்த படுக்கை ஆனார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தக் கெழவிதான் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் பொழுது சாய வருவாள். குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு, கஞ்சி ஊட்டி, துணி மாற்றணும். கெழவியின் உடம்பில் அம்மா கை படாத இடம் இல்லை. ஆனால் சமையல்கட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அம்மாவின் தம்ளர் கொல்லைச் சுவர்மேல் கவுத்தியிருக்கும். தீட்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கணக்குப் பார்த்தால் நமக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

அந்த வீட்டில் அம்மா ஒரு படிப்புப் படித்தாள். கெழவியைப் பார்க்க வேலூரிலிருந்து டாக்டர் வருவார். அவர் மருமகளுக்குச் சொன்னதை எல்லாம் பக்கத்தில் நின்று அம்மா கேட்டுக்கொண்டாள். மருமகள் மறந்துபோவாள், அம்மா மறக்கமாட்டாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்கணும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகுக்குக் கீழே தோல் சிவக்குதா என்று தினமும் பார்க்கணும். விரிப்பில் மடிப்பும் ஈரமும் இருக்கக்கூடாது. ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைக்கணும், படுத்த வாக்கில் ஊட்டினால் புரையேறிச் சாப்பாடு நுரையீரலுக்குப் போயிடும். அதோடு ஒரு காத்துப் படுக்கையும் வாங்கியிருந்தார்கள். சின்ன மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வரிசைக் குமிழில் காத்து ஏறும்போது அடுத்த வரிசையில் இறங்கும். ஒரே இடத்தில் உடம்பு அழுந்தாது. "நோவு வந்தாலும் காசுக்காரனுக்கு வந்தாதான் நோவு" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். கடைசி ரெண்டு வருஷம் கெழவிக்கு நினைவு தப்பிவிட்டது. எங்க அம்மாவை அம்மா அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "எம்மாம் பெரிய வூட்டு எஜமானி, என்ன அம்மான்றா. மருமவ மூஞ்சியப் பாக்கணுமே."

2010இல் ஒருநாள் காலையில் ஆலையில் மூட்டை தூக்கும்போது நைனாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆலையிலிருந்து யாரோ கொண்டுவந்து சேரியில் படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெயில் தாழ்ந்து நான் வந்தப்போ வாய் கோணியிருந்தது. 108 வண்டியைக் கூப்பிட்டோம். சேரிக்குள் வண்டி வர வழி இல்லை. கயித்துக் கட்டிலோடு தார் ரோடுவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் கட்டி அடைத்த வாதமாக இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் மருந்து ஏற்றினால் மீட்கப் பார்க்கலாம் என்கிறார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு இட்டுகினு போய்ப் பாத்துக்கோங்க என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எங்க அம்மா இருந்தாள்.

இருந்தாள் என்றா சொன்னேன்? காலை ஆறு மணிக்கு அவள் ஆரணிக்குப் போயாகணும். இவருடைய மருந்துச் செலவுக்கு அந்தக் கூலிதான். ஒரு கெழவியை ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்கப் போனவளின் வீட்டில் அவள் புருஷன் ஒரே பக்கமாகக் கிடந்தார். ஒன்பது மணிக்கு நான் அங்கன்வாடிக்குப் போகணும். நடுவில் பக்கத்து வீட்டு அக்கா ஒருதரம் வந்து புரட்டிவிட்டுப் போவார். காலனி வீடு ஒரே அறை, கக்கூஸ் கிடையாது. எல்லாம் அந்த அறைக்குள்தான்.

முதல்நாள் நான் கழுவ வந்தப்போ நைனா கண்ணை மூடிக்கொண்டார். மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்ப முயற்சி பண்ணினார், கழுத்து ஒத்துழைக்கவில்லை. அப்பனுக்கு மகள் கழுவலாமா என்று சேரியிலும் பேசினார்கள். கழுவ வந்து நின்றவர்கள் யாரும் பேசவில்லை, பேசினவர்கள் யாரும் வந்து கழுவவில்லை. மூணாம் நாள் குழறலாக ஒன்று சொன்னார். எனக்கு மட்டும் புரிந்தது. "எத்தினி பொணத்த கழுவி கீறேன். இப்ப நானே பொணம்." "பொணம் பேசாது நைனா, நீ பேசற, காலத் தூக்கு" என்றேன்.

முதியோர் பென்சனுக்கு அலைந்த கதை வேறு. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962லேயே மாசம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011இல் ஆயிரம் ரூபாய் ஆச்சு, 2023இல் 1,200. ஆதரவற்றவர் என்றால்தான் தருவார்கள். மனுவை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். "ஆம்பளப் புள்ள இருக்குதா?" என்று கேட்டார் அந்த அலுவலர். "இல்ல சார், நான்தான்." "பொண்ணுதானே. அப்ப ஆதரவற்றவர்னு எழுதலாம்." பக்கத்திலேயே நிற்கிற என்னை வைத்துக்கொண்டே எங்க நைனாவுக்கு யாரும் இல்லை என்று எழுதினார். தினம் ரெண்டுதரம் பீ அள்ளுகிறவள் அரசாங்கக் கணக்கில் ஆதரவு ஆகமாட்டாள். ஆயிரம் ரூபாய் வரும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளைகள்மேல் வழக்குப் போட 2007இல் ஒரு சட்டம் வந்தது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாசம் பத்தாயிரம் ரூபாய்வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாமாம். நல்ல சட்டம்தான். பிள்ளையிடம் பத்தாயிரம் இருக்கும் என்று நம்புகிற சட்டம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை போட்டது. செத்துப்போன பெண்களின் சராசரி வயசைப் பார்த்தால், உயர்சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் 14.6 வருஷம் முந்திச் செத்திருக்கிறார்கள். வயசாகிப் படுப்பதற்கே நம்மில் பலபேருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாற்பத்தஞ்சில் கெழவி, அம்பதில் எழவு. எங்க அம்மா அறுபதைத் தாண்டியதைச் சேரியில் அதிசயமாகப் பார்த்தார்கள்.

2012 தை மாசம் பட்டு முதலாளி வீட்டுக் கெழவி போய்ச் சேர்ந்தார். அந்தச் சமயம் நைனாவுக்கு இடுப்புக்குக் கீழே புண் வந்திருந்தது. முதலில் சிவப்பாக ரூபாய் அளவு. அப்புறம் தோல் உரிந்து குழி விழுந்தது. நாங்கள் ரெண்டு பேரும் ராத்திரி முறை வைத்துத் திருப்பினோம், பகலில் முடியவில்லை. அம்மா தினமும் காலையில் அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டு, புண்ணே இல்லாத உடம்பைத் திருப்பப் போய்க்கொண்டிருந்தாள்.

கெழவியின் காரியம் முடிந்த மறுநாள் அம்மா ஒரு பெரிய மூட்டையோடு வந்தாள். காத்துப் படுக்கை, மோட்டார், குழாய், எல்லாம். கெழவியின் மத்த துணிமணிகளோடு கொல்லையில் போட்டிருக்கிறார்கள். வேணும்னா எட்த்துகினு போ என்றிருக்கிறார் மருமகள்.

நைனா அந்த மூட்டையைப் பார்த்தார். அவருக்கு இடது கை மட்டும் அசையும். அந்தக் கையை வாசல்பக்கம் நீட்டினார்.

அம்மா முதலில் சமாதானம் சொன்னாள். தேய்த்துக் கழுவி டெட்டால் போட்டுவிட்டேன் என்றாள். நைனாவுக்குப் பிரச்சினை அழுக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும். அப்புறம் சண்டை பிடித்தாள். அவள் அன்றைக்குச் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. "ஆறு வருசம் அந்தப் பொம்பளைக்குப் பீ வாரினேன். பெருக்கித் தொடைக்கிற கூலியத்தான் குடுத்தாங்க, பீ வார்ற கூலிய எவன் குடுத்தான்? இது எழவு சாமான் இல்ல. எம் பாக்கி. எங் கூலி பாக்கி இது."

நைனா குழறிக் குழறி, நாலு தரம் நிறுத்தி, பதில் சொன்னார். "கூலின்னா கையில குடுப்பான். கொல்லையில போட்டானா, கையில குடுத்தானா?"

அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. எச்சில் ஒழுகிக்கொண்டே அவர் இன்னும் சொன்னார். "படுக்க மாட்டேன்."

தோழர்களிடம் இதைச் சொன்னபோது ரெண்டு விதமாகப் பேசினார்கள். கிழவர் சரியான ஆளு, தொண்ணூத்தொண்ணில் எடுத்த முடிவைக் கடைசிவரை விடவில்லை பார் என்றார்கள் சிலபேர். சிலபேர், உசுரு போற நேரத்தில் என்ன வீம்பு, உன் அம்மா சொன்னதுதான் உழைக்கிறவள் நியாயம் என்றார்கள். எனக்கு ரெண்டும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தீர்மானம் போட்டப்போ நைனாவுக்கு நாற்பது வயசு, ரெண்டு கையும் இருந்தது. ஊர் வேலை இல்லாவிட்டால் ஆரணிக்குப் போய் மூட்டை தூக்கினார். படுத்தபிறகு அவரால் தூக்க முடிந்தது அந்த ஒரு சொல்தான். அதைத் தூக்கிப் பிடிக்கிற செலவு அவர் இடுப்பிலும் எங்க கையிலும் விழுந்தது. சுயமரியாதைக்கு விலை இல்லை என்பார்கள். எங்க வீட்டில் விலை இருந்தது. ஆரணி மருந்துக் கடையில் புதுக் காத்துப் படுக்கை மூவாயிரத்து எறநூறு ரூபாய். வட்டிக்கு வாங்கிக் கொண்டுவந்து சேர்க்கப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளில் புண் எலும்புவரை போனது.

புதுப் படுக்கையைக் கடைச் சீட்டோடு அவர் கண்ணுக்கு முன்னால் பிரித்தேன். சீட்டை இடது கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தார். படிக்கத் தெரியாது. பழைய படுக்கையை அம்மா திரும்பிக் கொண்டுபோகவில்லை. மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டாள். அது வாசப்படி ஏறியதைப் பற்றி அதற்குமேல் நைனா எதுவும் கேட்கவில்லை. அந்த மாசத்தோடு அம்மா அந்த வீட்டு வேலையையும் விட்டாள். பகலில் அவள் நைனாவோடு இருந்ததால் புண் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது, முழுக்க ஆறவில்லை.

2013 ஆடி மாசம் ஒரு பகல் ரெண்டு மணிக்கு நைனா போய்விட்டார். நான் அங்கன்வாடியில் புள்ளைங்களைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். சேதி சொல்ல ஓடிவந்தது பக்கத்து வீட்டுப் பையன்.

அம்பேத்கர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு இடம் வரும். 1913 சனவரியில் அவர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அப்பா ராம்ஜி சக்பாலுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வருகிறது. பம்பாய்க்குக் கிளம்புகிறார். சூரத்தில், நம்ம ஊருக்கு ஜரிகை வருகிற அதே சூரத்தில், அப்பாவுக்கு இனிப்பு வாங்க இறங்குகிறார். ரயில் போய்விடுகிறது. மறுநாள்தான் போய்ச் சேர முடிந்தது. அப்பா அவர் முதுகைத் தடவிவிட்டுக் கண்ணை மூடுகிறார். பிப்ரவரி 2. அரசியல் சட்டம் எழுதினவரைப் பற்றி ஆயிரம் கூட்டம் கேட்டிருக்கிறேன், ஒரு கூட்டத்திலும் இந்த ரயிலைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. இருபத்தோரு வயசுப் பையன் இனிப்புப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நிற்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

நைனாவின் எடுப்பில் பறை வேண்டாம் என்றேன். எங்க சேரியில் இப்போது பறைக்குழு இருக்கிறது. சீருடை போட்டு, கலை இரவு மேடைகளில் அடிக்கிறார்கள். நன்றாகவே அடிக்கிறார்கள். அந்தப் பையன்கள் வந்து, "அக்கா, இது அடிமைப் பறை இல்ல, விடுதலைப் பறை. தாத்தாவுக்கு நாங்க அடிக்கிறோம்" என்றார்கள். அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தோளில் மாட்டியது மேடைக்காக. இவர் தோளில் மாட்டியிருந்தது எழவுக்காக. கிழித்தவர் இவர். ஒட்டவைக்க நான் யார்? சத்தம் இல்லாமல்தான் எடுத்தோம். கொள்ளிக்குடம் நான் எடுத்தேன். பொம்பளை எடுப்பதா என்று பெரியவர்கள் முணுமுணுத்தபோது அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள், "கழுவனவதான் ஒடைப்பா."

எங்க சேரிச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. ஊர்க்காரர் வயல் வழியாகத்தான் போகணும். ஆடியில் நடவு முடிந்திருந்தது. ரெண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வரப்பு பத்தாது. முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர், ஒரு கால் வரப்பிலும் ஒரு கால் சேற்றிலுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் எத்தனையோ பேரை நல்ல பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்தவரை இப்படித்தான் கொண்டுபோனோம். இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில், நிலத்து வழியாக விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஆதிதிராவிடருக்கென்று தனிச் சுடுகாடு ஒதுக்குவதால் அரசே இந்தப் பிரிவினையை வளர்க்கிறதோ என்ற கேள்வியையும் எழுப்பியது. அந்தப் படம் டிவியில் வந்தபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் செத்தா கோடையில சாவணும். வயலு காஞ்சிருக்கும், நடக்க எடம் இருக்கும்" என்றாள்.

2021இல் அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரையும் இருந்தது, இருதயமும் சரியில்லை. அறுவை செய்தால் தாங்காது என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் நைனா படுத்த காலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அந்த ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியிருந்தார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒரு பெண் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். இயன்முறைச் சிகிச்சைக்கு ஆள் வந்தது, நர்சம்மாவும் வந்தார். சேரிக்குள் செருப்போடு வந்து, எங்க வீட்டுத் தம்ளரில் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார் அந்த நர்சம்மா. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேணும்.

படுத்த ரெண்டாம் நாளே அம்மா என்னைக் கூப்பிட்டாள். "பரண்மேல இருக்கற பெட்ட எறக்குடி."

நைனாவின் படுக்கை எப்போதோ கிழிந்துபோயிருந்தது. மேலே இருந்தது கெழவியுடையது. நான் கொஞ்சம் நின்றேன். "இன்னாடி பாக்கற? உங்க நைனாவுக்கு அது எழவு சாமான். எனக்குக் கூலி பாக்கி. அவரு கணக்கு அவரோட. எங் கணக்க நான் தீத்துக்கறேன்."

துடைத்து, ரெண்டு இடத்தில் ஒட்டுப் போட்டு விரித்தேன். மோட்டார் ஓடியது. ரெண்டே முக்கால் வருஷம் அதன்மேல்தான் கிடந்தாள். எப்படித் திருப்பணும், எங்கே தலகாணி வைக்கணும், ஊட்டும்போது எவ்வளவு நிமிர்த்தணும், எல்லாம் படுத்துக்கொண்டே அவளே சொல்வாள். தப்பாகச் செய்தால் திட்டுவாள். ஒரு புண் வரவில்லை. இந்த மாதிரிப் பார்த்துக்கொண்ட நோயாளியை இந்த வட்டாரத்தில் பார்க்கவில்லை என்றார் நர்சம்மா. "நான் படிச்ச படிப்பு அப்படி" என்றாள் அம்மா. அந்தப் படிப்புக்கு எந்த வீட்டிலும் அவளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்ததில்லை.

2024 சித்திரையில், கேட்டபடியே கோடையில், விடியற்காலம் போனாள். நான் பக்கத்தில் இருந்தேன். தண்ணி கேட்டாள், நிமிர்த்திப் பிடித்துத்தான் கொடுத்தேன். ரெண்டு வாய் குடித்தாள். வயல் காய்ந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து நடக்க இடம் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மேலண்டை வீட்டுப் பொண்ணு வந்து வாசலில் நின்றாள். அவள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூணு மாசம் ஆகுது. ரொம்ப நேரம் வேற எதையோ பேசிக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டாள், "அக்கா, அந்தக் காத்து பெட்டு இருக்குதா?"

நானே தூக்கிக்கொண்டுபோய் விரித்து மாட்டிக் கொடுத்தேன். குழாய் ஒன்று வெடித்திருந்தது, மீன்தொட்டிக் கடையில் விற்கிற ரப்பர் குழாய் அதற்குச் சரியாக இருக்கிறது. ராத்திரி கரண்டு போனால் காத்து இறங்கிடும், மோட்டாரை நம்பித் தூங்கிடாதே, ரெண்டு மணிக்கு ஒருதரம் நீதான் எழுந்து திருப்பணும் என்று அந்தப் பொண்ணுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.